காலிச் சாக்கின் எடை

“ரெண்டரை கிலோவா? ஒரு வெறுஞ்சாக்கு ரெண்டரை கிலோ இருக்குமா? கணக்கப்புள்ள ஐயா, உங்க மனசத் தொட்டு…”

“முள்ளப் பாரு அம்மாக்கண்ணு. என் மூஞ்சியப் பாக்காத. முள்ளு எங்க நிக்கிதோ அதான்…”

“முள்ளு நிக்குங்க! நீங்க எதத் தொங்கவிட்டாலும் நிக்கும். நான் கேக்கிறது…”

“உங் கண்ணு முன்னாடிதானே தொங்கவிட்டேன்? ஒளிச்சு வச்சா தொங்கவிட்டேன்?”

“…நான் கேக்கிறது அது வெறுஞ்சாக்கான்னுதான்!”

ஆடி மழை, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மழையையும் மிஞ்சிக் கத்த வேண்டியிருந்ததால் நாற்பது பெண்களுக்கும் ஒரு சொல் விடாமல் கேட்டது. பொகவந்தலாவை டவுனுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் கடைசி வளைவையும் தாண்டி இருக்கிற தோட்டத்தின் மேற்பிரிவு அது. முதுகில் கொழுந்துச் சாக்கும் தலையில் மழைக்குப் போட்ட படங்குத் துண்டுமாக வரிசையில் நின்றவர்கள், சண்டை தங்களுக்காகவும் நடக்கிறது என்பதால் அவசரப்படவில்லை.

மழை நாளில் கொழுந்து நிறுப்பது எந்தத் தோட்டத்திலும் தகராறுதான். நனைந்த சாக்கின் பாரத்தைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது? மற்றப் பிரிவுகளில் வாய்க்கு வந்ததைக் கழிப்பார்கள். தூறினால் இரண்டு, கொட்டினால் நாலு. கணக்கப்பிள்ளை பொன்னையா அப்படிப்பட்டவர் இல்லை. இந்த மலைக்கு வந்த நாளிலேயே அவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். நிறுவை தொடங்குமுன், முந்திய நிறுவையில் கொட்டிவிட்டுப் போட்ட நனைந்த சாக்கு ஒன்றை எடுத்து எல்லோரும் பார்க்கத் தராசில் தொங்கவிடுவார். முள் காட்டுவதுதான் கழிவு. அதற்கு மேல் ஒரு அவுன்சும் இல்லை. அந்த நியாயத்துக்காகவே பதினொரு வருடமாக அவரைப் பற்றிக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மரியாதையாகப் பேசுவார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

“இந்தா, கெம்பஸ்ல வெஞ்ஞானம் படிக்கிற புள்ளயே நிக்கிது!” பொன்னையாவின் பென்சில் வரிசையின் ஓரத்தில் குடையோடு நின்ற ஜெயந்தினியைக் காட்டியது. “ஒம் மகதானே அம்மாக்கண்ணு? அதையே கேட்டுருவோம். நீ சொல்லும்மா. வெறுஞ்சாக்க நிறுத்து அதக் கழிக்கிறேன். இதுல என்ன பிழ இருக்கு?”

நாற்பது முகங்கள் திரும்பின. ஜெயந்தினி மடுவத்துக்கு வந்ததே வீட்டு மேசையில் கிடந்த மடிக்கணினியிடமிருந்து தப்பித்துக்கொள்ளத்தான். சாட்சி சொல்ல வரவில்லை. ஆனாலும் கேள்வி அவளுக்குப் பழகிய கேள்வி. இரண்டு வருடமாக அவள் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான்.

“அவரு செய்றது சரிதாம்மா,” என்றாள். “பாரத்தோட ஒரு தடவ நிறுக்கணும். வெறுசா ஒரு தடவ நிறுக்கணும். அதுல இத கழிக்கணும். நாங்களும் அப்பிடித்தான் செய்றோம்.”

“கேட்டுக்க!” என்றார் பொன்னையா.

“கேட்டுக்கிட்டேன்,” என்றாள் அம்மாக்கண்ணு.

பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். அன்று மூன்று நிறுவையும் சேர்த்து அவள் பெயருக்கு நேரே பதினேழரை விழுந்தது. அரைப்பேர்.

தாயும் மகளும் தங்கள் வீட்டு வரிசையான லயத்துக்கு ஏறினார்கள். அம்மாக்கண்ணு ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்து, ஈரப் படங்கை உதறிக் கொடியில் போட்டு, அடுப்பை ஊதிய பிறகுதான் ஆரம்பித்தாள்.

“நாப்பது பேருக்கு முன்னால பெத்தவள வுட்டுக்குடுத்துட்ட.”

“கேட்டாரு, சொன்னேன். பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“பொய்யி ஏன் சொல்ற? வாய மூடிக்கிட்டு நிக்கலாம்ல? ஊமை மேல யாரு கோர்ட்டுல கேஸு போடுறா?”

“அம்மா…”

“சரி, நீ எதையோ நிறுக்கிறியே ரெண்டு வருசமா. நிறுத்து முடிச்சிட்டியா? அந்தச் சந்திரா என்னா சொல்றா?”

லயத்தில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். சந்திரா என்பது அமெரிக்கர்கள் நாலு வருடத்துக்கு முன் வானத்துக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கியின் பெயர் என்று ஜெயந்தினி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அது ஒரு தமிழ் விஞ்ஞானியின் பெயர் என்றும் சொல்லிவிட்டாள். இருந்தாலும் லயத்தின் கற்பனையில் சந்திரா, வெளிநாட்டில் நல்ல வேலையில் இருந்துகொண்டு ஜெயந்தினிக்குக் காகிதம் போடாத ஒரு கூட்டாளி.

“சந்திரா ஒண்ணும் இல்லங்கிறா,” என்றாள் ஜெயந்தினி.

அம்மாக்கண்ணு ஊதுகுழலை வைத்துவிட்டுத் திரும்பினாள். “இல்லன்னா?”

“நான் பார்த்துக்கிட்டிருந்த எடத்துல ஒண்ணுமே இல்லையாம். எங்க புரபெசர் சேர் சொல்லிட்டாரு. நாளைக்கு நாலு மணிக்குள்ள முடிவு சொல்லணும்.”

விஷயம் இதுதான். வானத்தில் நட்சத்திரங்கள் கோடிகோடியாய்ச் சேர்ந்து ஒரு மண்டலம். அந்த மண்டலங்களும் நூறு, ஆயிரம் என்று ஒன்றுசேர்ந்து கூட்டமாய் இருக்கும். கூட்டத்துக்கு நடுவே வெறும் கண்ணுக்குத் தெரியாத வாயு, கோடிக்கணக்கான பாகை சூட்டில் தகித்துக்கொண்டிருக்கும். அது விடுகிற ஒளிதான் எக்ஸ்ரே. பூமியின் காற்று அதைக் கீழே விடாது. ஆடி மாதத்து மிஸ்ட்டில் எதிர்மலை தெரியாத மாதிரி. அதனால் மிஸ்ட்டுக்கு மேலே, விண்வெளிக்கே போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த ஒரு பழைய படத்தின் மூலையில், யாரும் கவனிக்காத ஒரு மங்கல் திட்டை ஜெயந்தினி கண்டிருந்தாள். எழுநூறு கோடி வருடத்துக்கு முன் புறப்பட்ட ஒளி. அது ஒரு கூட்டம் என்று நிறுவினால், அதே இடத்தை இன்னும் நீண்ட நேரம் பார்க்கச் சொல்லித் தொலைநோக்கிக்கு விண்ணப்பம் போடலாம். நிறுவாவிட்டால் இரண்டு வருட வேலை குப்பை.

அவளுடைய பேராசிரியர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் குரலை உயர்த்த மாட்டார். போன கிழமை அவளைக் கூப்பிட்டு, “திட்டுக்குப் பக்கத்தில வெறும் வானம் ஒரு பெட்டி எடுத்துக் கழிச்சுப் பாத்தன் பிள்ளை. மிச்சம் ஒண்டும் இல்லை,” என்றார். “வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விண்ணப்பப் பட்டியலை மூடுறன். உம்மட ஆராய்ச்சியை வேற தலைப்புக்கு மாத்துவம். வீட்டை போய் ஆறுதலா யோசிச்சுப் போட்டு டெலிபோனில ஒரு கோல் எடும்.”

அவள் கணக்கும் அதையேதான் சொன்னது. மங்கல் திட்டின் வட்டத்துக்குள் முந்நூற்றுப் பத்து ஒளித்துகள். பக்கத்துப் பெட்டியில், அதே பரப்புக்கு, இருநூற்று எண்பத்தொன்று. கழித்தால் இருபத்தொன்பது. தற்செயலாகவே இருபது கூடும், குறையும். இருபத்தொன்பதை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் இருக்கிறது என்று எவரும் எழுத முடியாது.

இதில் பாதியைத்தான் தாயிடம் சொன்னாள். அம்மாக்கண்ணு ரொட்டி மாவைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒன்னயும் அரைப்பேர் ஆக்கிட்டாங்கன்னு சொல்லு,” என்றாள் கடைசியில்.

ஜெயந்தினிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் பகல் நிறுவைக்கு ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு அவள் மடுவத்துக்கு இறங்கியபோது பொன்னையா இன்னும் வரவில்லை. அம்மாக்கண்ணு முந்திக்கொண்டு வந்திருந்தாள். காலை நிறுவையில் கொட்டிவிட்டுப் போட்ட சாக்குகள் மூலையில் குவிந்து கிடந்தன. மேலாக இருந்த சாக்கை, அதாவது பொன்னையா வந்ததும் கையில் எடுக்கப்போகிற சாக்கை, அவள் இழுத்துத் தரையில் போட்டிருந்தாள்.

“என்னாம்மா செய்றீங்க?”

“தோலுரிக்கிறேன். பிடி அந்தப் பக்கம்.”

இருவரும் சேர்ந்து சாக்கை உள்பக்கம் வெளியாகத் திருப்பினார்கள். ஈரச் சணலோடு கொழுந்து அப்பிப் பிடித்திருந்தது. தையலோரமெல்லாம் பச்சை. இரண்டு மூலைகளிலும் கைக்கு அடங்காத உருண்டை. அம்மாக்கண்ணு கையைவிட்டு அள்ளி அள்ளிப் போட்டாள். சின்னக் குவியலே சேர்ந்துவிட்டது.

“வெயில் காலத்துல தட்டினா கொட்டிரும். மழையில ஒட்டிக்கிட்டது வருமா? வராது. இதத்தான் வெறுஞ்சாக்குன்னு தொங்கவுட்டு நிறுக்கிறாரு. அப்ப எங்க கொழுந்துல இருந்து எதக் கழிக்கிறாரு? எங்க கொழுந்தையே கழிக்கிறாரு! பாத்தியா? பாத்தியாடி? இப்பச் சொல்லு, நாப்பது பேருக்கு முன்னால…”

ஜெயந்தினி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெறும் சாக்கு. வெறும் வானம்.

பக்கத்துப் பெட்டி வெறுமையாக இருந்தது என்று யார் பார்த்தது? கண்ணுக்கு வெறுமையாகத் தெரிந்தது. அவ்வளவுதான். கூட்டம் நாம் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தால்? அதன் வாயு பக்கத்துப் பெட்டி வரைக்கும் மங்கலாய்ப் பரவிக் கிடந்தால்? அப்படியானால் கூட்டத்திலிருந்து கூட்டத்தையே அல்லவா கழித்திருக்கிறோம்!

ரொட்டிப் பொதியைத் தாயின் கையில் திணித்துவிட்டு அவள் ஓடினாள்.

“ஏய்! எங்கடி ஓடுற? கணக்கப்புள்ள வர்றாரு பாரு! நீ சாச்சி சொல்லணும்… ஏய், ஜெயந்தி!”

தேயிலை வரிசைகளுக்கிடையே குறுக்குப் பாதையில் வழுக்கி, ஒரு செருப்பைத் தண்ணீர் ஓடும் கானில் விட்டு, அவள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தாள். பின்னால் கீழே சண்டை தொடங்கிவிட்டது கேட்டது.

மடிக்கணினி மெதுவாக விழித்தது. பெட்டியைப் பக்கத்திலிருந்து எடுத்துப் படத்தின் தூரத்து மூலைக்குக் கொண்டுபோனாள். பிரகாசமான புள்ளிகளை மறைத்தாள். எண்ணினாள். அதே பரப்புக்கு, நூற்றுத் தொண்ணூறு.

ஒரு மூலையை நம்பக் கூடாது. அடுத்த மூலை: நூற்று எண்பத்தேழு. அடுத்தது: நூற்றுத் தொண்ணூற்று மூன்று. நாலாவது மூலைக்கும் போனாள். மறுபடியும் நூற்றுத் தொண்ணூறு.

முந்நூற்றுப் பத்தில் நூற்றுத் தொண்ணூறு போனால் நூற்றிருபது.

அடுத்த காம்பராச் சுவரில் யாரோ தட்டினார்கள். “என்னா புள்ள, ஏன் கத்துற? பாம்பா?”

“இல்லக்கா! இருக்கு! இருக்கு!”

“பாம்புன்னா வெளிய வந்து சொல்லு!”

டவுனில் சின்னராசாவின் கொமியூனிக்கேஷன் கடையில் மூன்று மணிக்கு ஒரே ஒரு டெலிபோன் பெட்டிதான் காலியாக இருந்தது. அவள் ஒற்றைச் செருப்போடு உள்ளே நுழைந்ததைச் சின்னராசா பார்த்தார், கேட்கவில்லை. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு இலக்கத்தை அழுத்தினாள்.

“சேர், நான் ஜெயந்தினி.”

“சொல்லும் பிள்ளை. முடிவு எடுத்திட்டீரோ?”

“சேர், அங்க கூட்டம் இருக்கு. பிழ பெட்டியில சேர். நம்ம பெட்டி வெறுமையில்ல.”

“என்ன சொல்லுறீர்?”

“தூரத்து மூலையில எடுத்துக் கழிச்சா நூத்தி இருவது மிஞ்சுது சேர். தற்செயலைப் போல ஆறு மடங்கு.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளும். பெட்டியை மாத்தி மாத்தி வைச்சா எங்களுக்கு வேண்டின விடை எங்கயாவது வரும். அது விஞ்ஞானம் இல்லை. அது ஆசை.”

“அதான் சேர் ஒரு மூலையோட நிக்கல. நாலு மூலையும் எடுத்தேன். நாலும் ஒண்ணையேதான் சொல்லுது. பக்கத்துப் பெட்டி மட்டும்தான் வேற சொல்லுது. ஒரு சாக்கு… ஒரு பெட்டி மட்டும் தொண்ணூறு கூடக் காட்டினா, அதுக்குள்ள ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்குன்னுதானே அர்த்தம்?”

“போனை வையாதையும்,” என்றார் துரைராசா. விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. கதிரை இழுபடும் ஒலி கேட்டது. சின்னராசா வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கிற பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது விளங்கியது.

நாலு நிமிடம் போனது. ஐந்து போனது.

“ஜெயந்தினி.”

“சேர்.”

“நூற்றுத் தொண்ணூறு. நூற்று எண்பத்தேழு. மற்ற ரெண்டும் பாத்தன்.”

“ஓம் சேர்.”

“அந்தப் பக்கத்துப் பெட்டியை ஆர் போட்டது?”

அவள் சற்றுத் தயங்கினாள். “நீங்கதான் சேர்.”

எட்டு வருடமாக அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் கேட்காத ஒரு சத்தம் அப்போது கேட்டது. துரைராசா வாய்விட்டுச் சிரித்தார்.

“நான்தான். நான்தான் போட்டனான். எடியே பிள்ளை, அந்தப் பெட்டிக்க மிஞ்சுற தொண்ணூறையும் தனியாப் படம் போட்டுப் பாத்தனீரோ? அது சும்மா பரவினது இல்லை. அது ரெண்டாவது கூட்டம். ஒண்டோட ஒண்டு மோதிக்கொண்டு நிக்குது!”

“பார்த்தேன் சேர்,” என்றாள் ஜெயந்தினி. பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துப் பார்த்திருந்தாள். வளைவுக்கு வளைவு திரை ஆடியது. இரண்டு திட்டும் ஆடவில்லை. “நீங்களே கண்டுபிடிக்கட்டும்னுதான் சொல்லாம இருந்தேன்.”

“ஓ! அப்பிடியோ? சரி. நாளைக்கு முதல் பஸ்ஸில வெளிக்கிட்டு வாரும். விண்ணப்பத்தில முதல் பேர் உம்மடது. என்ர பேர் கீழ. பட்டியல் திறந்துதான் இருக்குது. நீர் வந்துதான் மூடோணும்.”

வெளியே வந்தபோது சின்னராசா காசு வாங்காமல் ஒரு கோப்பி மிட்டாயை நீட்டினார். “தங்கச்சி, என்ன விஷயம்னு எனக்குத் தெரியாது. ஆனா ஜெயிச்சிட்டீங்கன்னு தெரியுது.”

அந்தி நிறுவைக்கு மழை விட்டிருந்தது. மிஸ்ட் கிழிந்து, எதிர்மலையின் தேயிலை வரிசைகள் சீவிவிட்ட தலை போலத் தெரிந்தன. மடுவத்தில் பகல் சண்டை இன்னும் ஓயவில்லை.

“நீயே கொழுந்த உள்ள திணிச்சிட்டு எம் மேல பழி போடுற அம்மாக்கண்ணு!”

“நானா? நான் ஏங்க எங் கொழுந்த…”

“யாரு கண்டா? சாச்சி இருக்கா?”

“இருந்திச்சு. ஓடிப் போயிருச்சு!”

“ஓடல,” என்றாள் ஜெயந்தினி.

எல்லோரும் திரும்பினார்கள். ஒற்றைச் செருப்பு, சேறு படிந்த பாவாடை, தோளில் மடிக்கணினிப் பை. ஆனால் முகம் அப்படி ஒளிர்ந்ததில், அம்மாக்கண்ணு சண்டையையே ஒரு கணம் மறந்தாள்.

“இருக்காடி?”

“இருக்கும்மா. ஒண்ணில்ல, ரெண்டு இருக்கு.”

“சந்திரா ஒத்துக்கிட்டாளா?”

“சேரே ஒத்துக்கிட்டாரு. மொதப் பேரே எம் பேருதான்.”

“முழுப்பேரு!” என்று வரிசைக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். பெண்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். அம்மாக்கண்ணு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எனக்குத் தெரியும்,” என்றாள், ஒன்றும் தெரியாமலே.

ஜெயந்தினி பொன்னையாவிடம் திரும்பினாள். “ஐயா, நேத்து நாப்பது பேருக்கு முன்னால ஒண்ணு சொன்னேன். அது பிழ. அதே நாப்பது பேருக்கு முன்னாலயே சொல்றேன். உங்க முறை சரி. ஆனா கழிக்கிற சாக்கு வெறுமையாங்கிறத முதல்ல பாக்கணும். நானும் பாக்கல, நீங்களும் பாக்கல. எங்க சேரும் பாக்கல. பகல் அந்தச் சாக்குல கொழுந்து இருந்தத நான் எங் கண்ணால பார்த்தேன். வேணும்னா இப்ப நீங்களே எடுங்க. எந்தச் சாக்க வேணும்னாலும்.”

பொன்னையா அவளைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். பிறகு எழுந்து குவியலுக்குப் போய், யாரும் தொடாத அடிச் சாக்கு ஒன்றை உருவி எடுத்துத் தராசில் மாட்டினார். முள் இரண்டரையில் நின்றது.

கழற்றினார். அவர் கையாலேயே உள்பக்கத்தை வெளியாக்கினார். தையலோரம் விரலை ஓட்டினார், மூலைகளில் கைவிட்டார். ஒட்டியிருந்த கொழுந்தெல்லாம் பலகையில் விழுந்தது. உதறி, மறுபடியும் மாட்டினார்.

ஒன்றரை.

பொன்னையா பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தை விரித்தார். நேற்றைய வரியில் பதினேழரையை ஒரு கோடு இழுத்து அடித்து, மூன்று நிறுவைக்கு மூன்று கிலோ கூட்டி, இருபதரை என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்து வைத்தார். எழுதுகிற கை நிதானமாகத்தான் இருந்தது; காது மட்டும் சிவந்திருந்தது.

“அம்மாக்கண்ணு, முழுப்பேர்,” என்றார். “மத்தவங்களுதும் போட்டுர்றேன். நேத்துக்கு, இன்னைக்கு. எல்லாருக்கும்.”

வரிசை ஆரவாரித்தது. யாரோ வெறும் சாக்கைத் தலைக்கு மேல் கொடி போலச் சுழற்றினார்கள். அம்மாக்கண்ணு மட்டும் அசையாமல் நின்றாள். இரண்டு நாளாக மழையை மிஞ்சிக் கத்தியவள், முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே கேட்டாள்:

“நேத்தும் இன்னைக்கும் சரிங்க. கணக்கப்புள்ள ஐயா, நீங்க இந்த மலைக்கு வந்து எத்தன வருசமாச்சுங்க?”